மீனைத் திருப்ப வேண்டிய நேரம்

நீ நாடற்றவனாக இருப்பதற்குக் காரணம் நான். சர்க்கார்தான் காரணம் என்று நீ சொல்கிறாய். லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், கூட்டம் போட்டுப் பேசுகிறவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். அது பொய்யில்லை. நம் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தைப் போட்டவர்கள் நம்மை மனுஷர் என்று எண்ணிப் போடவில்லை. ஆனாலும் அதற்குள் நுழைய ஒரு சின்னச் சந்து இருந்தது. மனு எழுதிப் போட்டு, விசாரணைக்கு வருகிற அதிகாரியின் முன்னால் போய் நின்று, இன்ன பேர்க்காரன் நான்தான், இங்கேதான் பிழைக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அந்த அதிகாரி நம் தேயிலைத் தோட்டத்துக்கே வந்தார். என் பேரைக் கூப்பிட்டார். அந்த நேரத்தில் நான் மீன் சுட்டுக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிட்டது என் காதில் விழவில்லை என்று பன்னிரண்டு வருஷமாக உன்னிடமும் உன் அம்மாவிடமும் சொல்லி வந்திருக்கிறேன். விழுந்தது.

போன மாதம் டயகமப் பக்கம் அந்தப் பங்களாவில் குசினியில் சமையல் வேலைக்குச் சேர்ந்ததும் நீ ஒரு கடிதம் போட்டாய். துரை வீட்டுக்கு விருந்தாளிகள் வரப்போகிறார்கள், நீங்கள் மசாலா அப்பிச் சுடுகிற மீனும் அதற்குப் பழச் சம்பலும் எப்படிச் செய்வது என்று எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். சந்தோஷமாகத்தான் வாசித்தேன். அப்புறம் கவரைத் திருப்பினேன். அனுப்புகிறவர் என்ற இடத்தில் "அப்பு, பெரிய பங்களா" என்று உன் கையெழுத்திலேயே எழுதியிருந்தாய். "என்னங்க, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் உன் அம்மா. அப்போதுதான் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து கூடையை இறக்கியிருந்தாள். கவரில் இருந்ததை அவளுக்கு வாசித்தேன். "ஓ, அப்பன் சட்டையை மகனும் மாட்டிக்கிட்டானா? அளவு சரியா இருக்காமா?" என்றாள்.

அப்பு என்றால் பங்களாவில் சமைக்கிறவன். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அதுதான் வார்த்தை. துரை மாறுவார், சமைக்கிறவன் மாறுவான், வார்த்தை மாறாது. நம் பங்களாவில் நான் வேலை செய்த காலத்தில் நான்கு துரைமார் வந்து போனார்கள். ஒவ்வொருவரும் ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள், ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனியாக ஒரு பேர் இருந்தது. எனக்குப் பங்களாவில் அப்பு, லயத்தில் அப்பு அண்ணன், கோயில் கூட்டத்தில் பங்களா அப்பு. உன் அம்மாவோ புருஷன் பேரைச் சொல்லாதவள், நம் பெண்களின் வழக்கம் அது. ஆக, எனக்கு என்று வைத்த பேர் உலகத்தில் யார் வாயிலும் இல்லாமல் போய்விட்டது. உனக்குப் பேர் வைக்கிறபோது உன் அம்மா என்னை வாயைத் திறக்கவிடவில்லை. தெய்வேந்திரன் என்று அவளே வைத்தாள். "நல்லா நீட்டமா இருக்கட்டும். இதைச் சுருக்கட்டும் பார்ப்போம், எந்தத் துரை சுருக்குறான்னு" என்றாள். சுருக்குவதற்கு அவர்கள் சிரமமே படவில்லை.

உனக்குப் பதில் எழுதினேன். கவரில் தெய்வேந்திரன் என்று முழுசாக எழுதி அனுப்பினேன். பத்து நாளில் திரும்பி வந்தது. சிவப்புப் பென்சிலால் "இந்தப் பேரில் இங்கே ஆள் இல்லை" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். தலவாக்கலையில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, மிச்சத் தூரத்தை மழையில் நடந்து உன் பங்களாக் கேட்டுக்கு வந்தேன். வாச்சர் குடையைச் சாய்த்து, "யாரைப் பார்க்கணும் பெரியவரே?" என்று கேட்டான். தெய்வேந்திரன் என்றேன். "அப்படி யாரும் இல்லீங்களே." மறுபடியும் சொன்னேன். "தோட்டம் மாறி வந்துட்டீங்க போல. கீழ்க் கணக்குத் தோட்டத்துல போய்க் கேட்டுப் பாருங்க." எந்தச் சொல்லைச் சொன்னால் அந்தக் கேட் திறக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்றுதான் நான் வந்தேன். கால் மணி நேரம் நனைந்துகொண்டு நின்றேன். கடைசியில் "அப்பு இருக்காரா?" என்று கேட்டேன். "அட, நம்ம அப்புவா! இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டைத் திறந்தான்.

நீ மாவுக் கையோடு ஓடிவந்தாய். "என்னப்பா, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க?" கடிதம் திரும்பி வந்ததைச் சொன்னேன். சிரித்தாய். "அந்தப் பேரெல்லாம் இங்க யாருக்குப்பா தெரியும்? கூப்பிட்டா திரும்பிப் பார்க்கணும், அவ்வளவுதானே. கோவிச்சுக்காதீங்க. மீன் பக்குவத்தை மட்டும் சொல்லிட்டுப் போங்க, ஆளுங்க வர்றதுக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு." உள்ளே மணி அடித்தது. நீ ஓடினாய். அந்த ஓட்டம் என்னுடைய ஓட்டம். முழங்கால்கூட அதே மாதிரி உள்பக்கமாக மடங்கியது. சொல்ல வந்த எதையும் சொல்லாமல் திரும்பினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்தக் கவரிலும் தெய்வேந்திரன் என்றுதான் எழுதுவேன். ஒட்டாமல் அனுப்புவேன். வாச்சர் படிக்கட்டும், கிளாக்கர் படிக்கட்டும், துரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்தால் அவரும் படிக்கட்டும். திரும்பி வந்தால் மறுபடி அனுப்புவேன். மறுபடியும் திரும்பும். எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை.

முதலில் நீ கேட்டதைத் தருகிறேன், இல்லாவிட்டால் மற்றதை நீ வாசிக்க மாட்டாய். வெள்ளைக்காரத் துரைமார் மேல் ஓடையில் கொண்டுவந்து விட்டு வளர்த்த ட்ரவுட் மீன் கிடைத்தால் நல்லது. அந்த ஓடை நம் லயத்துக்குப் பின்னால்தான் ஓடுகிறது, ஆனால் நம் ஆள் ஒருவன் அதில் கைவைத்தால் அன்றைக்கே தோட்டத்தை விட்டுப் போக வேண்டும். ஆகையால் அதைச் சுடத் தெரிந்த எனக்கு அதன் வால் பக்கம் ஒரு துண்டு எப்படி இருக்கும் என்று தெரிந்ததே, தட்டில் மிச்சம் வந்தபோதுதான். மீனின் இரண்டு பக்கமும் மூன்று மூன்று கீறல் போடு. கொத்தமல்லி, மிளகு, பெருஞ்சீரகம், காய்ந்த மிளகாய், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறு. அம்மியில் வைத்து நொறுக்கு, தூளாக்கிவிடாதே. தூளானால் நெருப்பில் கசந்துபோகும். உப்பும் மஞ்சளும் தேசிக்காய் பிழிந்த புளிச்சாறும் தடவி, அதன்மேல் இந்த நொறுங்கலை அப்பி, கையால் அழுத்தி, ஈரம் வற்றும் வரை காற்றில் வை. கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி, அந்த மிலாறு காய்ந்தால் நல்ல தணல் தரும், புகை இருக்காது. கம்பிவலைக்கு நான் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் கழித்துப் போட்ட பழைய சல்லடையைத்தான் வைத்திருந்தேன். தேங்காயெண்ணெய் தடவி மீனைப் போட்டால் அதைத் தொடாதே. ஓர் ஓரத்தைக் கரண்டியால் லேசாகத் தூக்கிப் பார்த்தால் தானாக வலையை விட்டு வரும். அந்த நேரம்தான் திருப்ப வேண்டிய நேரம். அதற்கு முன்னால் திருப்பினால் அப்பிய மசாலா வலையிலேயே ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் பிந்தினால் கரி. ஒரே ஒரு தடவைதான் திருப்பலாம்.

சம்பல் என்னுடையது இல்லை. உன் அம்மா மலையில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள இடிப்பாளே, சிவப்பு வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, முற்றாத கொய்யாக்காய், அதுதான் அடிப்படை. நான் கொய்யாவுக்குப் பதிலாக அன்னாசியும் கெட்டியான பேரிக்காயும் எடுத்து, இடிக்காமல் சின்னச் சின்னதாக வெட்டி, புதினாவைக் கிள்ளிப் போட்டு, கொடித்தோடம்பழத்தை உடைத்து அதன் சாற்றை ஊற்றினேன். மேசைக்குப் போகிற நேரத்தில்தான் கலக்க வேண்டும், முன்கூட்டிக் கலந்தால் தண்ணீர் விட்டுவிடும். துரைசானி அதை விரும்பிச் சாப்பிட்டு, பக்குவத்தைக் கேட்டுக் கேட்டுத் தன் சமையல் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். மேலே தலைப்பு, அப்பு சம்பல். பெருமையோடு வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அம்மா, "என் சம்பலுக்கு உங்க பேரு. அதுவும் உங்க பேரு இல்ல" என்றாள். அன்றைக்கு அதை வெறும் கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

விசாரணை நாளுக்கு வருகிறேன். எனக்கு வந்திருக்க வேண்டிய நோட்டீஸ் வரவே இல்லை. பங்களா விலாசத்துக்கு வந்து, அந்தப் பேரில் ஆள் இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறது என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அதிகாரி வருகிறார், ஆபீஸில் உட்கார்ந்து பேர் கூப்பிடுவார் என்று பெரட்டில் ஆள் கணக்கெடுக்கிறபோது சொல்லிவிட்டார்கள். அன்று காலையில் துரைசானி குசினிக்கு வந்து, "அந்த அதிகாரி பகல் சாப்பாட்டுக்கு இங்கே வருகிறார், மீன் செய்" என்றாள். "பத்து நிமிஷம் ஆபீஸுக்குப் போய் வரட்டுமா, அம்மா?" என்று கேட்டேன். "சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நான் கொஞ்சம் முரண்டு பிடித்திருப்பேன். அதோடு எனக்குள்ளே ஒரு கெட்டிக்காரத்தனம் வேறு வந்து உட்கார்ந்துகொண்டது. வரிசையில் ஐம்பது பேரோடு நிற்பதைவிட, அவர் என் மீனைச் சாப்பிட்டு வாயைத் துடைக்கிற நேரத்தில் பக்கத்தில் நின்று என் பேரைச் சொன்னால் காரியம் சுலபமாக முடியும் என்று கணக்குப் போட்டேன். உன் அம்மாவிடம், "நீ பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போய் நில்லு. நான் பங்களாவுலயே பார்த்துக்கிறேன்" என்றேன்.

ஆபீஸ் வாசலில் நடந்ததை உன் அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். உனக்கும் ஞாபகம் இருக்கும், உனக்கு ஒன்பது வயது. என் பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் அம்மா முன்னால் போய், "அவங்க பங்களாவுல மீன் சுடுறாங்க" என்றிருக்கிறாள். எவங்க, புருஷன் பேர் என்ன, சொல்லு என்று அதிகாரி கேட்டிருக்கிறார். அவள் எப்படிச் சொல்வாள்? வரிசையில் எல்லோரும் பார்க்கிறார்கள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "நீ சொல்லுடா" என்று உன்னைத் தள்ளியிருக்கிறாள். நீ சொன்னாய். தகப்பன் பேர், பாட்டன் பேர், எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி உரக்கச் சொன்னாய். அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் என் பேரைச் சரியாகச் சொன்ன ஒரே ஆள் நீதான். சின்னப் பிள்ளை சொல்வது செல்லாது என்று விட்டார்கள். உன் அம்மா விடவில்லை, அழுது கத்தியதில் கிளாக்கர் பங்களாவுக்குப் போன் போட்டார். "அப்புன்னு கேளுங்க ஐயா" என்றாள் உன் அம்மா. "பைல்ல அப்புன்னு இல்லையே" என்று சொல்லி, பைலில் இருந்த பேரையே வாசித்தார். போனை வைத்துவிட்டு, "அந்தப் பேர்ல பங்களாவுல ஆளே இல்லையாம்" என்றார். "அப்ப நான் இத்தனை வருஷமா யாரோட ஐயா குடும்பம் நடத்துறேன்?" என்று உன் அம்மா கேட்க, வரிசையே சிரித்திருக்கிறது. அதிகாரியும் சிரித்தாராம். சிரித்துக்கொண்டேதான் ஏதோ எழுதி, அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

அந்தப் போன் அடித்தபோது நான் குசினிப் பின்வாசலில் தணலுக்கு முன்னால் குந்தியிருந்தேன். ஹாலில் துரைசானி போனை எடுத்தாள். கிளாக்கர் சொன்ன பேரை அவள் இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள். கோணல்மாணலாகத்தான் சொன்னாள், ஆனாலும் என் பேர்தான் என்று தெரிந்தது. அந்தப் பேரைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அப்புறம் அவள், "இந்தப் பேரில் இங்கே ஆள் இல்லை. எங்களிடம் ஓர் அப்பு மட்டும்தான் இருக்கிறான்" என்று இங்கிலீஷில் சொன்னாள். குசினி இங்கிலீஷ் எனக்கு நன்றாகத் தெரியும். ஹாலுக்கு எட்டு அடி தூரம். எழுந்து போய், "அது நான்தான் அம்மா" என்று சொல்ல எனக்கு நாக்கு இருந்தது. மீனின் ஓரம் வலையை விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது. திருப்ப வேண்டிய நேரம். இதைத் திருப்பிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். ஆறு மீன். ஆறையும் திருப்பினேன். ஒன்றின் மசாலாகூட ஒட்டவில்லை. நிமிர்ந்தபோது போனை வைத்த சத்தம் கேட்டது. இதுதான் நான் மறைத்தது. பயத்தில் பேசாமல் இருந்தேன் என்றால்கூடப் பரவாயில்லை. மீன் நன்றாக வர வேண்டும் என்பதற்காகப் பேசாமல் இருந்தேன்.

அவர் சாப்பிட வந்தார். நம்மைப்போல் கறுத்த மனுஷர்தான், அமைதியானவர், யாரையும் கெடுக்க வேண்டும் என்று வந்த ஆளாகத் தெரியவில்லை. இரண்டு மீன் சாப்பிட்டார். சம்பலை வழித்துச் சாப்பிட்டார். யார் சமைத்தது என்று கேட்டார், என்னைக் கூப்பிட்டார்கள். வெள்ளைக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய் நின்றேன். அவர் காலையிலிருந்து என் பேர் எழுதிய பைலை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "ஹரிம ஹொந்தய்" என்று சொன்னார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். பிறகு, உன் பேர் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். காலை முழுவதும் நான் காத்திருந்த கேள்வி அது. நான் கேட்கவைக்க நினைத்த கேள்வியை அவராகவே கேட்டுவிட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு சொன்னேன்: "அப்பு, சார்."

அவர் தலையை ஆட்டினார். துரை அடுத்த பேச்சுக்குப் போனார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்து, கழுவப் போட்ட பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. திரும்பி ஓடினேன். கார் கேட்டைத் தாண்டிவிட்டது. சில மாதம் கழித்து, விண்ணப்பகாரர் விசாரணைக்கு வராததால் மனு தள்ளப்பட்டது என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதம் மட்டும் என் பேருக்கே, ஒரு எழுத்துப் பிசகாமல், ஆபீஸ் வழியாக என் கைக்கு வந்து சேர்ந்தது. துரையிடம் போய் அழுதேன். நல்ல மனசோடு ஒரு சர்ட்டிபிகேட் அடித்துக் கொடுத்தார். அப்பு இந்தப் பங்களாவில் பல வருஷமாக வேலை செய்கிறான், யோக்கியன், குடிக்க மாட்டான், மீன் விசேஷமாகச் சமைப்பான் என்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு சர்க்கார் கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்தவர் முழுசும் வாசித்துவிட்டு, "இந்த அப்புவுக்குன்னா யோசிக்கலாம். நீ யாரு?" என்று கேட்டார். அந்தச் சட்டம் வருவதற்கு முன்பு ஒரு தடவை வோட்டுப் போட்டவன் நான். அதே கையில் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

இத்தனையும் பட்ட பிறகு உன்னை அந்தக் குசினிக்குள் தள்ளினவன் யார்? அதுவும் நான்தான். எட்டாம் வகுப்புப் படித்த பிள்ளையை மலைக்கு அனுப்ப மனசு வரவில்லை. உன் துரை இங்கே விருந்துக்கு வந்தபோது, நல்ல சமையல்காரன் வேண்டும் என்று சொன்னார். "என் மகன் இருக்கான் சார்" என்றேன். அவர் உன் பேரைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வெள்ளைத் துரைமார் போய் நம் நிறத்துத் துரைமார் வந்தால் குசினியில் ஏதாவது மாறும் என்று நீ நினைத்தாய். அதே மணி, அதே கோட்டு, அதே வார்த்தை. இப்போது இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து நம்மைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இந்தியாவா, இங்கேயா என்று கேட்டு இனிமேல் நிரப்பித் தரப் பாரம் கொடுப்பார்களாம், மறுபடியும் விசாரணையாம். நான் பிறந்தது இதே லயத்தில், நாம் குடியிருக்கிற இந்தக் காம்பராவுக்கு மூன்றாவது காம்பராவில். எந்தப் பக்கம் கையெழுத்து வைத்தாலும் நமக்கு ஒன்றும் கிடைக்காது என்றுதான் தோன்றுகிறது. என் பேர் தள்ளிப்போட்ட பைலில் கிடக்கிறது. உன் பாரத்தில் தகப்பன் பேர் எழுதுகிற இடத்தில் அதைத்தான் நீ எழுத வேண்டும். அதற்காக என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் அம்மாவிடம் நேற்றுத்தான் போன் விஷயத்தைச் சொன்னேன். அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "மீனாவது கருகியிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று செய். செக்ரோல் ஆள்கணக்குப் புத்தகத்தில் உன் பேர் எப்படி எழுதியிருக்கிறது என்று ஆபீஸுக்குப் போய்ப் பார். அப்பு என்று இருந்தால் அடித்துத் திருத்தச் சொல். திட்டுவார்கள். இதற்குத்தானா வந்தாய் என்று கேட்பார்கள். வேலைகூடப் போகலாம், போனால் வா, ரொட்டியும் கொய்யாக்காய்ச் சம்பலும் இருக்கிறது. திருத்தினாலும் பிரஜாவுரிமை வந்துவிடாது, அந்தப் பொய்யையும் உனக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக்கு எவனாவது பைலைத் தூக்கிக்கொண்டு வந்து உன் பேரைக் கூப்பிட்டால், அந்தப் பேரில் ஆள் இல்லை என்று இன்னொரு துரைசானி சொல்லிவிடக் கூடாது. நீயும் கையைக் கட்டிக்கொண்டு அதையே சொல்லிவிடக் கூடாது.

தப்பால்காரன் பகல் சாப்பாட்டுக்கு முன்னால்தான் பங்களாவுக்கு வருவான், எல்லாத் தோட்டத்திலும் அதுதான் நேரம். பின்வாசலில் நின்று, கவரைத் தூக்கிப் பிடித்து, எழுத்துக்கூட்டி உன் பேரை வாசிப்பான். நீ தணலுக்கு முன்னால் குந்தியிருப்பாய். மீனின் ஓரம் வலையை விட்டுத் தூக்கிக்கொண்டிருக்கும். எனக்குத் தெரியும், அந்த நேரமாகத்தான் இருக்கும். திருப்பாதே. கருகட்டும். ஆறும் கருகட்டும். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே வா. ஒன்பது வயதில் ஆபீஸ் வாசலில் நின்று என் பேரைச் சொன்னாயே, அதே சத்தத்தில் உன் பேரைச் சொல். தெய்வேந்திரன் யார் என்று வாசலில் ஒருவன் கேட்கிறான். சொல்.